மகப்பேறு விடுப்பு முடிகிறது: ஆபீஸா, வீட்டிலிருந்தா, பகுதிநேரமா, ஷிஃப்டா, சொந்தத் தொழிலா?

விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குகிறது. மாமியார் ஒன்று சொல்வார், அம்மா வேறொன்று சொல்வார், ஆபீசிலிருந்து "எப்போது சேருகிறீர்கள்?" என்று மின்னஞ்சல் வந்து நிற்கும். நான் மொரீசியஸில், எபேனில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தால் இந்தக் கேள்வி என்னிடமும் வந்துவிடும். கோயிலில் கேட்பார்கள், தமிழ் வகுப்பு வாசலில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் ஏழு கறி பரிமாறும்போதும் கேட்பார்கள். அங்கங்கே நின்றபடி பாதிப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

2024இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திய பிறகு மொரீசியஸில் மகப்பேறு விடுப்பு 16 வாரம். அதற்கு முன் 14 வாரமாக இருந்தது. பிரசவத்துக்கு முன்பே சில வாரம் எடுத்திருந்தால், அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. கழுத்து நிற்கத் தொடங்கும் வயது அது. அந்த வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு அடுத்த பத்து வருடத்துக்கும் சேர்த்து எடுத்த முடிவாகிவிடுகிறது. அதனால்தான் அவசரமாக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் அதிகச் சம்பளம், எந்த வழியில் அதிக நேரம் என்று மட்டும் பார்ப்பவர்கள் ஆறே மாதத்தில் களைத்துப்போகிறார்கள். எந்த வழியில் நேரம் நிச்சயமாகத் தெரியும் என்று பார்ப்பவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள். தினமும் ஆறு மணிக்குக் கட்டாயம் வீடு வந்துவிடும் அம்மாவைச் சுற்றி ஒரு வீடு தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். ஒரு நாள் மூன்று மணிக்கும் மறுநாள் ஒன்பது மணிக்கும் வருபவரைச் சுற்றி எந்த ஏற்பாடும் நிலைக்காது, வாரக் கணக்கில் அவர் வீட்டில் அதிக நேரம் இருந்தாலும்கூட.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

மாலை நான்கிலிருந்து எட்டு வரை வீட்டில் யார்? குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெரிய பிள்ளையின் வீட்டுப்பாடம், சமையல், விளக்கேற்றுவது எல்லாம் இந்த நான்கு மணி நேரத்தில்தான். காலை நேரத்தை எப்படியோ ஓட்டிவிடலாம். மாலையை அப்படி ஓட்ட முடியாது.

அடுத்த மாதம் எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் வேலை என்று இன்றே தெரியுமா? நிச்சயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

செலவெல்லாம் போகக் கையில் என்ன மிஞ்சும்? சம்பளச் சீட்டில் தெரியாத பணத்தையும் சேர்த்துத்தான். ஆண்டு இறுதி போனஸ் ஒரு மாதச் சம்பளம். ஓய்வுப் பணிக்கொடை நிதிக்கு முதலாளி பொதுவாக மாதச் சம்பளத்தில் 4.5 விழுக்காடு கட்டுகிறார். ஒரு கணக்குக்காக மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போனஸின் மாதப் பங்கு 2,500, பணிக்கொடை 1,350. ஆக 3,850 ரூபாய் கண்ணில் படாமலே சேர்கிறது. இதற்கு மேல் 22 நாள் ஆண்டு விடுப்பு வேறு. வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

காய்ச்சல் நாளிலும் புயல் நாளிலும் யார் போவது? நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தத் தீவில் இது ஆண்டுதோறும் வரும் கேள்வி. புயல் எச்சரிக்கையின் எண் ஏறத் தொடங்கினால் பள்ளியும் கிரெஷும் (குழந்தைக் காப்பகம்) முன்னதாகவே மூடிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு 3ஆம் எச்சரிக்கை வர வேண்டும். இடைப்பட்ட மணி நேரங்கள் பெற்றோர் தலையில். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது எல்லோரும் வேலைக்கு வந்த பிறகுதான் 3ஆம் எச்சரிக்கை வந்தது. ஒரே நேரத்தில் எல்லோரும் சாலைக்கு இறங்க, போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனது. அன்றிலிருந்து இந்தக் கேள்வியைப் பட்டியலில் சேர்க்கும்படி எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒத்துவரவில்லை என்றால் திரும்பிவர வழி உண்டா? பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆனால் முதல் மூன்று வருடத்துச் சிரமம் பத்தாவது வருடத்தில் இருக்கப்போவதில்லை. மூன்று வயதிலிருந்து முன்பள்ளி, 2024 ஜனவரி முதல் அது இலவசம். கிரெஷ் கட்டணம் என்ற பெரிய செலவு அத்தோடு தீர்ந்துவிடும். மூன்று வருடத்துக்காக எடுக்கும் முடிவு முப்பது வருட வேலையை மூடிவிடக் கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | மாலை நேரம் | நிச்சயம் | கையில் மிஞ்சுவது | காய்ச்சல், புயல் நாள் | திரும்பும் வழி |
|---|---|---|---|---|---|
| முழுநேரம் ஆபீஸில் | குறைவு | அதிகம் | அதிகம், கிரெஷ் செலவு போக | கடினம் | பிரச்சினை இல்லை |
| வீட்டிலிருந்து, முழுதாகவோ சில நாளோ | நடுத்தரம் | நாள்கள் எழுத்தில் இருந்தால் அதிகம் | ஏறக்குறைய முழுச் சம்பளம் | எளிது, மின்சாரம் இருந்தால் | எளிது |
| பகுதிநேரம் | அதிகம் | மேலாளரைப் பொறுத்தது | குறைவு | நடுத்தரம் | எழுதி வாங்கினால் உண்டு |
| எதிரெதிர் ஷிஃப்ட் | ஒருவர் எப்போதும் வீட்டில் | பட்டியல் மாறினால் இல்லை | மிக அதிகம் | எளிது | எளிது |
| சொந்தத் தொழில் | பார்க்க அதிகம் | மிகக் குறைவு | முதல் ஆண்டில் சொல்ல முடியாது | எளிது, ஆர்டர் போகும் | கடினம் |

அட்டவணை வழிகாட்டும், முடிவு சொல்லாது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது.

## முழுநேரம் ஆபீஸில், குழந்தை பாட்டியிடமோ கிரெஷிலோ

வழக்கமாக எல்லோரும் எடுக்கும் வழி இது. அதனாலேயே இதை யாரும் சரியாக எடைபோடுவதில்லை.

சட்டப்படி வாரம் 45 மணி. ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு ஒன்பது மணி. போகவர ஆகும் நேரத்தையும் கூட்டுங்கள். கியூர்பீப்பிலிருந்து போர்ட் லூயி வரை மெட்ரோ வழியில் வீடு இருப்பவருக்கும் ஃபிளாக்கிலிருந்தோ மாஹெபூரிலிருந்தோ பஸ்ஸில் வருபவருக்கும் இது ஒரே வேலை இல்லை. 2023இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன், ரெடுவி வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு மாலை நேரம் நிச்சயமானது. நேரம் மிச்சமானதைவிட, எத்தனை மணிக்கு வீட்டுப் படியேறுவோம் என்று தெரிந்ததுதான் பெரிய நிம்மதி என்கிறார்கள்.

முதல் ஆறு மாதத்துக்குச் சட்டம் தரும் ஒரு சலுகையைப் பலர் கேட்பதே இல்லை. பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு இரண்டு அரை மணி இடைவேளையோ ஒரு மணி நேர இடைவேளையோ உண்டு. சம்பளத்தில் கழிக்க முடியாது. குழந்தையின் தேவையை ஒட்டித் தாய்க்கு வசதியான நேரத்தில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். கிரெஷ் பக்கத்தில் இருந்தால் மதியம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் நாளின் கடைசியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிக்குக் கிளம்புவது மாலை முழுவதையும் மாற்றிவிடும்.

சரி, குழந்தையைப் பாட்டியிடம் விடுவதா, கிரெஷிலா? பாட்டிக்குக் காசு இல்லை என்று சொல்கிறோம். செலவு இல்லாமல் இல்லை. மொரீசியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். முட்டி வலியும் மாத்திரையுமாக இருக்கும் அறுபது வயதுக்காரர், தவழத் தொடங்கிய குழந்தையின் பின்னால் ஒன்பது மணி நேரம் ஓட முடியுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் முடியாது என்று சொல்லமாட்டார், அதனால் கேட்கும் விதமும் முக்கியம். "வாரத்தில் எத்தனை நாள் பார்த்துக்கொண்டால் உங்களுக்குச் சிரமம் இருக்காது அம்மா?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். இன்னொன்று, 2025 பட்ஜெட்டில் அரசு முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. வரப்போகும் பாட்டிகளில் பலர் தாங்களே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பாட்டி இருக்கிறார் என்பதையே திட்டமாக வைத்திருக்கும் இளம் தம்பதிகள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டையும் கலப்பது: மூன்று நாள் கிரெஷ், இரண்டு நாள் பாட்டி. கிரெஷ் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஆபீஸுக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டுப் பக்கம் என்றால் கணவரோ சின்னம்மாவோ அடுத்த வீட்டுக்காரரோ போய் அழைத்து வர முடியும். ஆபீஸ் பக்கம் என்றால் நீங்கள் மட்டும்தான்.

இந்த வழி யாருக்கு நல்லது? வீடும் ஆபீஸும் மெட்ரோ வழியில் இருப்பவருக்கு, ஐந்து மணிக்கு மேல் வேலை நீளாத இடத்தில் இருப்பவருக்கு, ஒரே நிறுவனத்தில் நான்கு வருடம் தாண்டியவருக்கு. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் 30 நாள் நீள்விடுப்பு உரிமை வரும். நான்கரை வருடத்தில் வேலையை விட்டால் அது கையை விட்டுப் போகும்.

## வீட்டிலிருந்து வேலை

எல்லோரும் ஆசைப்படும் வழி. கிடைத்தால் நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வீட்டில் வேலை பார்க்கும் நேரத்திலும் குழந்தையைப் பார்க்க வேறொருவர் வேண்டும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கணினி என்று ஆறு மாதம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையும் கெடுகிறது, குழந்தையும் எரிச்சலாகிறது, அந்தப் பெண்ணின் உடம்பும் போகிறது. கிரெஷ் செலவை மிச்சப்படுத்துவதற்காக இந்த வழியை எடுக்காதீர்கள். பயண நேரத்தை மிச்சப்படுத்த எடுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் அப்பா அம்மா கீழே, மகன் குடும்பம் மாடியில் என்று கட்டியிருக்கிறோம். மருமகள் மாடியில் இருக்கிறாள் என்றால் அவள் வீட்டில் இருக்கிறாள் என்றுதான் எல்லோர் மனதிலும் பதிகிறது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள், அத்தை வந்தால் தேநீருக்குக் கூப்பிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனாலும் ஒன்பது மணி வேலை பன்னிரண்டு மணியாக நீள்கிறது, மாலை நேரமும் அதில் போய்விடுகிறது. கதவு உள்ள ஓர் அறையும், அந்தக் கதவு சாத்தியிருந்தால் கூப்பிடக் கூடாது என்ற ஒப்புதலும் இருந்தால்தான் இது நடக்கும். அந்த ஒப்புதலைக் கணவர்தான் தன் அப்பா அம்மாவிடம் வாங்கித் தர வேண்டும். மருமகள் வாயால் கேட்க வைக்கக் கூடாது.

செலவுகள்: மின்சாரம், இணையம், கோடையில் ஏசி. வீடு 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் முதலாளி தரும் பஸ் கட்டணம், வீட்டில் இருக்கும் நாள்களுக்கு வராமல் போகும். வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று 2020இல் விதிகள் வந்தன. கணினி யாருடையது, இணையச் செலவில் யார் எவ்வளவு தருவது, எந்த மணிக்கு மேல் போன் எடுக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். இன்னொரு செலவு பணத்தில் தெரியாது. ஆபீஸில் முகம் தெரியாதவருக்குப் பதவி உயர்வு தாமதமாகும். மேலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சம்பளப் பட்டியலில் பார்க்கும் எனக்குத் தெரிகிறது.

அதனால் வாரம் முழுவதும் வீட்டில் என்பதைவிட இரண்டு மூன்று நாள் வீட்டில், மற்ற நாள் ஆபீஸில் என்பதே நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. ஆனால் "தேவைப்படும்போது வீட்டிலிருந்து" என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள். தேவை எப்போதும் அவர்களுடையதாகிவிடும். "செவ்வாய், வியாழன்" என்று நாளின் பெயர் இருக்க வேண்டும். அப்போதுதான் கிரெஷுக்கும் பாட்டிக்கும் நாள் பிரித்துச் சொல்ல முடியும்.

யாருக்கு நல்லது? வீட்டில் தனி அறை உள்ளவருக்கு, ஏற்கனவே ஆபீஸில் பெயர் எடுத்தவருக்கு, ஃபிளாக், சுய்யாக் போலத் தூரத்து ஊர்க்காரருக்கு. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது முதல் வருடத்தில் ஏற்றதில்லை.

## பகுதிநேரம்

தாளில் பார்த்தால் இதுதான் மிகப் பொருத்தமானது. மூன்று மணிக்கு வீட்டில் இருக்கலாம், வேலையும் கையில் இருக்கும். ஆனால் சம்பளம் பாதியாகும் வேகத்தில் வேலை பாதியாவதில்லை. எட்டு மணி நேரம் செய்த அதே கணக்கை ஐந்து மணி நேரத்தில் முடிக்கச் சொல்வார்கள், மிச்சம் இரவில் போனில் வரும். எந்த வேலையை வேறொருவர் கைக்கு மாற்றுகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது பகுதிநேரம் இல்லை, சம்பளக் குறைப்பு.

போனஸும் பணிக்கொடை நிதியும் அதே அளவில் குறையும். வீட்டுக்கடன் எடுக்கும் திட்டம் இருந்தால் வங்கி பார்ப்பது இந்தக் குறைந்த சம்பளத்தைத்தான். அதனால் முதலில் கடன், பிறகு பகுதிநேரம் என்று வரிசைப்படுத்துவதும் ஒரு யோசனை.

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பகுதிநேரம், பிறகு பழைய முழுநேர வேலை என்று முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். முடியும் தேதி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியை, கணக்காளர், மருந்தகத்தில் இருப்பவர் என்று வேலையை மணிக்கணக்கில் அளக்கக்கூடிய தொழில்களில் இது நன்றாக நடக்கிறது. மேலாளர், குழுத்தலைவி போன்ற பொறுப்புகளில் நடந்து நான் பார்க்கவில்லை.

## எதிரெதிர் ஷிஃப்ட்

கடற்கரை ஹோட்டல்களிலும் கால் சென்டர்களிலும் ஆஸ்பத்திரியிலும் விமான நிலையத்திலும் வேலை செய்யும் தம்பதிகள் எடுக்கும் வழி. அவர் பகலில், இவள் இரவில். கிரெஷ் வேண்டாம், குழந்தை எப்போதும் அப்பாவிடமோ அம்மாவிடமோ. இரவு வேலைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 15 விழுக்காடு கூடுதல். 30,000 ரூபாய்க்கு 4,500. கிரெஷ் செலவும் மிச்சம். பணக் கணக்கில் இதை அடிக்க எதுவும் இல்லை.

விலை கொடுப்பது தூக்கமும் தாம்பத்தியமும். இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு வரும் அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அப்பா கிளம்புகிறார். அவள் எப்போது தூங்குவாள்? குழந்தை தூங்கும்போது என்று சொல்வார்கள். குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரத்தில் துணி துவைக்க வேண்டியிருக்கும். கணவனும் மனைவியும் வாசலில் சாவியை மாற்றிக்கொள்ளும்போது பேசுவதுதான் பேச்சு. சண்டை வந்தால் அதை முடிக்கக்கூட நேரம் கிடைக்காது, நாள்கணக்கில் தங்கிவிடும்.

கால் சென்டர் வேலையில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எந்த நாட்டில் என்பதுதான் உங்கள் மாலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. பிரான்ஸ் அவர்களுடைய கோடையில் நம்மைவிட இரண்டு மணி பின்னால், அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று மணி பின்னால். அவர்களுடைய காலை 9 முதல் மாலை 6 வரை என்பது நமக்கு 11 முதல் இரவு 8 வரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 12 முதல் இரவு 9 ஆகிவிடும். மார்ச் கடைசி வரை அப்படித்தான். நம் பள்ளிகளின் நீண்ட விடுமுறையும், தைப்பூசக் காவடிக்கு விரதம் பிடிக்கும் பத்து நாளும், புயல் காலத்தின் பெரும்பகுதியும் அந்த ஐந்து மாதத்துக்குள்தான். பிரிட்டன் வாடிக்கையாளர் என்றால் இன்னும் ஒரு மணி தள்ளும். இந்திய வாடிக்கையாளர் என்றால் நேர்மாறு: இந்தியா நமக்கு ஒன்றரை மணி முன்னால், அவர்களுடைய 9.30 நமக்குக் காலை 8, அவர்களுடைய 6.30 நமக்கு மாலை 5. ஒரே கட்டடத்தில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி மாலை ஐந்துக்கும் இன்னொருத்தி இரவு ஒன்பதுக்கும் கிளம்புகிறார்கள். குழு மாற்றம் கேட்பது சம்பள உயர்வு கேட்பதைவிடப் பல சமயம் எளிது. முதலில் அதைக் கேளுங்கள்.

எதிரெதிர் ஷிஃப்டைத் தேர்ந்தெடுப்பதானால் இரண்டு நிபந்தனை: ஷிஃப்ட் மாதாமாதம் மாறக் கூடாது, ஒரே ஷிஃப்டாக இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை இருக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைத்தால் கடன் அடைக்கும் காலத்துக்கு, ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ, இது தாங்கும். அதற்கு மேல் வேண்டாம்.

## வேலையை விட்டுச் சொந்தத் தொழில்

கேக், விரதச் சாப்பாடு, ஏழு கறி ஆர்டர், தையல், டியூசன். நம் பெண்களுக்குக் கைத்திறமை நிறைய. குழந்தை கூடவே இருக்கலாம், மேலாளர் இல்லை. மனதுக்கு இதமான யோசனை.

ஆனால் என் ஐந்து கேள்விகளில் நிச்சயம் என்ற கேள்வியில் இது அடிபடுகிறது. டியூசன் நடப்பது பள்ளி விட்ட பிறகு, அதாவது நீங்கள் காப்பாற்ற நினைத்த அந்த நான்கு மணி நேரத்தில். சமையல் ஆர்டர் குவிவது தீபாவளிக்கும் காவடிக்கும் கல்யாண மாதங்களுக்கும். உங்கள் வீட்டிலும் அன்றுதான் விசேஷம், அன்றுதான் உங்கள் பிள்ளை உங்களைத் தேடும். விற்பனைக்குச் சமைப்பவர் சுகாதாரத் துறையின் பயிற்சி முடித்து உணவு கையாளுவோர் சான்றிதழ் வாங்க வேண்டும், தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். இதெல்லாம் சிரமமில்லை, செய்துவிடலாம். சிரமம் கணக்கில் இருக்கிறது: 30,000 ரூபாய் வேலையை விட்டவர் மாதம் 33,850 லாபம் பார்த்தால்தான் பழைய நிலைக்குச் சமம். சம்பளத்தோடு வந்த விடுப்பு இதில் சேரவில்லை. லாபம் என்றால் மாவு, கேஸ், டப்பா, பெட்ரோல் எல்லாம் போக.

திரும்பும் வழியும் குறுகல். மூன்று வருடம் வெளியே இருந்தவரைப் பழைய சம்பளத்தில் சேர்க்கும் நிறுவனம் குறைவு.

யாருக்கு நல்லது? வேலையில் இருக்கும்போதே சனி, ஞாயிறுகளில் ஆர்டர் எடுத்து, ஒரு வருடமாவது கணக்கு எழுதிப் பார்த்தவருக்கு. சம்பளமே கிரெஷுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும் அளவுக்குக் குறைந்தவருக்கும். 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் 16,500 ரூபாய் ஆனது. அதை ஒட்டிச் சம்பாதிப்பவருக்கு, இரண்டு சின்னக் குழந்தைகள் இருந்தால், வேலைக்குப் போவதில் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். அவர்களை "வேலையை விடாதே" என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

## கணவரின் வேலையும் தாளில் வரட்டும்

என்னிடம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் மனைவியின் வேலையைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள். ஐந்து வழியும் அவளுக்குத்தான், அவருக்கு ஒரே வழி, போய்க்கொண்டிருப்பது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஒரு வீட்டில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். அரசு அலுவலகத்தில் இருக்கும் அப்பா நான்கு மணிவாக்கில் கிளம்பிவிடுகிறார். கால் சென்டரில் இருக்கும் அம்மா இரவு ஒன்பதுக்கு வருகிறாள். இந்த வீட்டில் மாலை நேரம் யாருடையது என்பதில் சந்தேகம் என்ன? ஆனாலும் இதே மாதிரி வீடுகளில் அவள் வேலையை விட்டதைப் பார்த்திருக்கிறேன், அவர் சாதம் வடிக்கப் பழகவில்லை என்பதற்காக.

2024இல் தந்தையர் விடுப்பு ஐந்து நாளிலிருந்து நான்கு வாரமாக உயர்ந்தது. அந்த நான்கு வாரத்தில் வந்த விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்காமல், குழந்தையைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, தனியாக அரை நாள் பார்த்துக்கொள்ளப் பழகிய அப்பாக்களின் வீட்டில் அம்மா வேலைக்குத் திரும்பும் நாள் அவ்வளவு கனமாக இல்லை.

காய்ச்சல் நாளுக்கும் அதே கணக்கு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ உடம்பு முடியாதபோது பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 10 நாள் வரை எடுக்கலாம் என்று 2024 திருத்தம் சொல்கிறது. ஆனால் அது கூடுதல் விடுப்பு இல்லை, உங்களுக்கு ஏற்கனவே உள்ள விடுப்பிலிருந்துதான் கழியும். ஒருவர் கணக்கிலிருந்தே எல்லாம் போனால் மே மாதத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு முறை அவர், ஒரு முறை அவள் என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். இரவு மூன்று மணிக்குக் குழந்தை கொதிக்கும்போது பேச வேண்டிய பேச்சு இல்லை இது.

## எப்படிக் கேட்பது

விடுப்பு முடிய எட்டு வாரம் இருக்கும்போதே கடிதம் கொடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மேலாளருக்கும் ஏற்பாடு செய்ய நேரமில்லை. "குழந்தை சின்னது, கொஞ்சம் தயவு பண்ணுங்கள்" என்று எழுத வேண்டாம். வயது குறைந்த பிள்ளை உள்ளவர் நேரத்தைத் தளர்த்திக் கேட்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எந்த நாள், எந்த மணி முதல் எந்த மணி வரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்த நேரத்தில் உங்கள் வேலை எப்படி நடக்கும் என்று நான்கு விஷயம் எழுதுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த ஏற்பாடு மேலாளர் மாறிய அன்றே போய்விடும். சம்பளப் பிரிவில் உட்கார்ந்து இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அப்புறம், விடுப்பின் கடைசி வாரத்தை ஒத்திகைக்கு வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, வேலைக்குப் போவது போலவே காலையில் குழந்தையைக் கிரெஷிலோ பாட்டியிடமோ விட்டு, மாலை அதே நேரத்துக்குப் போய் அழைத்து வாருங்கள். பால் எத்தனை புட்டி வேண்டும், பாட்டிக்கு எந்த நேரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, ஐந்தே முக்கால் மெட்ரோவைத் தவறவிட்டால் என்ன ஆகிறது, அப்பா போய் அழைத்துவர வேண்டிய நாளில் அவருக்கு ஆபீஸில் விடுகிறார்களா என்பதெல்லாம் அந்த ஐந்து நாளில் தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்த வழி சரிவராது என்று புதன்கிழமையே தெரிந்தால் வியாழக்கிழமை மேலாளரைக் கூப்பிட்டுப் பேச இன்னும் நேரம் இருக்கும்.